அறுந்ததா சங்கிலி?

பொழுது புலருமுன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. முந்தலைத் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிச் சுற்றி ஏறி, போடிமெட்டில் மாநில எல்லையைக் கடந்து, ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்குகின்றன. நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். மடியிலே தூக்குச்சட்டி, கண்ணிலே தீராத தூக்கம். களை எடுக்கவும் காய் எடுக்கவும் போகிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் அதே வளைவுகளில் இறங்கி வருவார்கள். அவர்கள் எடுத்த காய் ஸ்டோரில் உலர்ந்து, தரம் பிரிக்கப்பட்டு, போடியிலே ஏலம் போய், அரபு நாடுகள் வரை மணக்கிறது. மணக்கட்டும்; மகிழ்கிறோம்!

ஆராய்ச்சி நூலகங்களைப் பற்றி எழுத வந்தவர்கள் ஏலமலைக்கு ஏன் ஏறுகிறார்கள் என்று தோழர்கள் எண்ணக்கூடும். காரணம் உண்டு. அந்தப் பெண்ணின் கை படும் செடியைப் பற்றி ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. மயிலாடும்பாறையில் 1978ஆம் ஆண்டு முதல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாம்பாடும்பாறையில் கேரள வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மலைக்கு இப்புறம் பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. கட்டே நோயை அசுவினிப் பூச்சி எப்படிப் பரப்புகிறது, காய் ஏன் அழுகுகிறது, தெளித்த மருந்து எத்தனை நாள் காயில் தங்குகிறது என்றெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்கள். கட்டுரைகளாக எழுதியும் இருக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில், ஆராய்ச்சி இதழ்களில், நூலகங்களின் காவலில் இருக்கிறது. மருந்தை ஆராய்ந்தவர் படிக்கிறார்; மருந்தை விற்றவர் படிக்கிறார்; மருந்து வாடையை மூச்சாக இழுப்பவர் மட்டும் படிப்பதில்லை!

எண்டோசல்பான் என்னும் நஞ்சை உச்சநீதிமன்றம் நாடெங்கும் தடுத்தது 2011ஆம் ஆண்டில். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் கேடு பற்றிய ஆராய்ச்சிகள் வெளிவந்துவிட்டன. ஆராய்ச்சி அலமாரியிலிருந்து தோட்டத்துக்கு வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தை எத்தனை பேர் உடலால் கொடுத்தார்கள்! நூலகம் யாருக்கு என்னும் கேள்வி, அறிஞர்கள் ஓய்வு நேரத்தில் ஆடும் சொல்விளையாட்டன்று. அது உயிர்க் கேள்வி. அதனால்தான் போடிமெட்டில் நின்றுகொண்டு கேட்கிறோம்.

ஐரோப்பாவிலே ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு தேவாலயத்தில் அத்தகைய சங்கிலி நூலகம் காட்சிப்பொருளாக இன்றும் இருக்கிறது. நம் நாட்டிலே இரும்புச் சங்கிலி தேவைப்படவில்லை. சாதி என்னும் சங்கிலியே போதுமானதாக இருந்தது. இன்னார் படிக்கலாம், இன்னார் கேட்கவும் கூடாது என்று வகுத்துவிட்டால் பூட்டு எதற்கு, காவலாள் எதற்கு? ஏட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு ஒரு நாள் முழுதும் படியாமல் வைத்திருப்பது பழைய வழக்கம். 'பாதுகாப்பு' என்று பெயர் சூட்டி ஆண்டு முழுதும் படிக்கவிடாமல் வைத்திருப்பது புதிய வழக்கம். முன்னதைப் பக்தி என்றார்கள். பின்னதை நிர்வாகம் என்கிறார்கள். படிக்க வந்தவனுக்கு இரண்டும் ஒன்றே!

"காலம் மாறிவிட்டது, நூலகங்களும் மாறிவிட்டன" என்று கூறுகிறார்கள். மாறியிருப்பது உண்மை. நல்லதை நல்லதென்று கூற நாம் கூசமாட்டோம்.

2009ஆம் ஆண்டில் பல்கலைக் கழக மானியக் குழு விதி வகுத்து, ஆய்வேடுகளைக் கணினிப் படியாகவும் தரவேண்டும் என்றது. அதன் பயனாக எழுந்த 'சோத்கங்கா' களஞ்சியத்தில் பல இலட்சம் ஆய்வேடுகளை எவரும் காசின்றிப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் தொடங்கிய மின்னூலகத்திலே பழந்தமிழ் நூல்களும் இதழ்களும் கொட்டிக் கிடக்கின்றன. 1949இல் பாரதியின் எழுத்துரிமையை அரசு ஏற்றது முதல், நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கிவந்திருக்கிறது தமிழகம். அந்த அறப்பணி இன்று திரையிலே எழுத்தாக ஒளிர்கிறது. போடியில் ஒரு மாணவன் கைப்பேசியைத் திறந்தால், அவன் பாட்டன் பார்த்திராத நூல் அவன் உள்ளங்கையில் விரிகிறது. இதனை நாம் பாராட்டாமல் வேறு யார் பாராட்டுவது?

பாராட்டுவது வேறு, அத்தோடு வாய்மூடி இருப்பது வேறு. மாற்றம் வந்ததா என்று நாம் கேட்கவில்லை. மாற்றம் யார் வீட்டு வாசல்வரை வந்தது என்று கேட்கிறோம்.

முதலில் வாயிலைப் பார்ப்போம். 2024 நவம்பர் 25ஆம் நாள் ஒன்றிய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்பது அதன் பெயர். 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள் வெளியிடும் ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசின் நிர்வாகத்திலுள்ள உயர்கல்வி நிறுவனங்களும் ஒன்றிய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுமாக 6,300. பயன்பெறுவோர் 1.8 கோடிப் பேர் என்று கணக்கிட்டார்கள். முன்பு ஒவ்வொரு நூலகமும் தனித்தனியே விலை பேசி, தனித்தனியே தோற்றது. பணக்காரக் கல்லூரிக்கு இதழ் வந்தது. ஏழைக் கல்லூரிக்கு ஏக்கம் வந்தது. அந்த நிலையை மாற்ற ஒன்றுகூடி வாங்குவது அறிவுடைய செயல். போடியிலுள்ள அரசினர் பொறியியற் கல்லூரி மாணவனும், பெருநகரத்துப் பெருங்கல்லூரி மாணவனும் ஒரே அலமாரிமுன் நிற்கவேண்டும் என்னும் எண்ணம் நல்ல எண்ணமே.

ஆனால், அந்த 6,000 கோடி யார் பணம்? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கொடுப்பவரின் பணம். ஜீப்பில் ஏறும் பெண்ணின் பணமும் அதில் இருக்கிறது. அவர் மகள் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துப் படிக்கும்வரை அலமாரி திறந்திருக்கும். பட்டம் வாங்கி வெளியே வந்த மறுநாள் கடவுச்சொல் செல்லாது. தனியார் கல்லூரியில் சேர்ந்திருந்தாலோ, கதவு தொடக்கத்திலிருந்தே மூடியிருக்கும்! பணம் எல்லோருடையது, சாவி சிலருடையது. மேலும், வாங்கியது நூலா, வாடகைக்கு எடுத்த சாவியா? பழைய நாளில் ஒரு தொகுதியை வாங்கி அடுக்கினால், சந்தா நின்றபின்னும் அது அடுக்கிலேயே இருந்தது. இப்போதோ, சந்தா நின்ற நாளில் எது நம் கையில் நிற்கும் என்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்திருக்கிறது.

பல்கலைக் கழக நூலகம் ஒன்றின் வாயிலில் ஒருமுறை நின்றோம். "எந்தக் கல்லூரி? அடையாள அட்டை எங்கே? துறைத் தலைவரின் கடிதம் எங்கே?" என்று கேட்டார்கள். என்ன படிக்க வந்தீர்கள் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை! உள்ளே கணினிகள் வரிசையாக ஒளிவிட்டுக்கொண்டிருந்தன. சங்கிலி அறுந்துவிட்டது என்கிறார்கள். அது நூலை விட்டுக் கதவுக்கு வந்திருக்கிறது.

இரண்டாவது, மொழி. ஓர் ஏலக்காய் விவசாயி தன் செடியின் நோயைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தெரிந்த பெயர் 'கட்டே'. தெரிந்த எழுத்து தமிழ். நூற்பட்டியலோ ஆங்கிலத்தில். தமிழ் நூலின் பெயரைக்கூட உரோமன் எழுத்தில், மேலும் கீழும் புள்ளியும் கோடும் இட்டுப் பதிந்துவைத்த பட்டியல்கள் உண்டு. தமிழன் தமிழ் நூலைத் தேட அந்நிய எழுத்தைக் கற்கவேண்டும் என்பது எந்த ஊர் நீதி? அயல்நாட்டு அறிஞருக்கு அது உதவட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதன் பக்கத்திலேயே தமிழ் எழுத்திலும் பதிந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

மூன்றாவது கேள்வியே முதன்மையானது. அலமாரியில் எது ஏறுகிறது?

இந்த இயக்கத்து இளைஞருக்கு இதனை விரிக்கவேண்டியதில்லை. 'குடி அரசு' 1925இல் பிறந்தது; 'திராவிட நாடு' 1942இல் பிறந்தது. அவைபோல் எத்தனை ஏடுகள், எத்தனை துண்டு வெளியீடுகள், எத்தனை மாநாட்டு மலர்கள்! தமிழ்நாட்டின் எண்ணத்தையே மாற்றிய அந்தத் தாள்களைத் தேடி எடுத்துக் காத்தவர்களில் பலர் பட்டம் பெற்ற நூலகர்கள் அல்லர். பரண்மேல் பெட்டி வைத்திருந்த தொண்டர்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துப் பாருங்கள். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். நூல்களை மட்டுமன்று, நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். குப்பை என்று பிறர் ஒதுக்கியதை வரலாறு என்று அறிந்த கண் அவருக்கு இருந்தது. அவர் 1992இல் மறைந்தார். ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் கொண்ட அந்தத் தொகுப்பை 1994இல் வாங்கியது, கடல் கடந்த சிகாகோ பல்கலைக் கழகம்! கப்பலேற்றிவிடாமல் மூலங்களைத் தமிழ்நாட்டிலேயே தங்கவைத்தார்கள், நுண்படம் எடுத்தார்கள், சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக வளர்த்தார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் தமிழனின் திருமண அழைப்பிதழுக்கும் ஆராய்ச்சி மதிப்பு உண்டு என்று நமக்கு உணர்த்தச் சிகாகோவிலிருந்து ஆள் வரவேண்டியிருந்ததே, அதை எண்ணி வெட்கப்படாமல் இருக்க முடியுமா?

ஏலமலைக்கு வருவோம். இங்கே பழைய தாள் என்பது வாழ்வா சாவா என்பதாகும். 1897ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு ஏலமலைக் காடு பற்றி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதிலே குறித்த பரப்பு 15,720 ஏக்கரா என்கிறது கேரள அரசு. இல்லை, 2,15,720 ஏக்கரா என்கிறார்கள் வழக்குத் தொடுத்தவர்கள். முன்னே ஓர் '2' இருந்ததா, இல்லையா என்பதில் இரண்டு இலட்சம் ஏக்கரா தொங்குகிறது! ஆண்டுக்கணக்கில் நடந்த அந்த வழக்கிலே, புதிய பட்டா வழங்குவதற்கு 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எது சரியென்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு தாள், மலைமேல் வாழும் குடும்பங்களின் அடுப்பை எரியவும் வைக்கும், அணைக்கவும் செய்யும் என்பதையே சுட்டுகிறோம்.

அத்தகைய தாள்கள் எங்கே இருக்கின்றன? திருவிதாங்கூர் ஆவணங்கள் திருவனந்தபுரத்தில். சென்னை மாகாண ஆவணங்கள் எழும்பூரில். 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுத்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. உழைப்பவர் இப்புறம், தோட்டம் அப்புறம் என்றாயிற்று. இரு தலைநகரங்களுக்கும் தொலைவில் இருக்கிறது போடிமெட்டு.

தோட்டக்காரரின் கணக்கு காப்பகத்தில் இருக்கக்கூடும். துரைமாரின் கடிதம் இருக்கக்கூடும். கூலிச் சீட்டு எங்கே? தொழிற்சங்கத் துண்டறிக்கை எங்கே? கங்காணியின் பேரேட்டில் கைநாட்டு வைத்தவர் தம் கதையைத் தம் வாயால் சொன்ன பதிவு எங்கே? மலையெங்கும் பரவியிருக்கும் 'ஞள்ளானி' என்னும் ஏல வகையைத் தந்தது ஆய்வுக்கூடமன்று. இடுக்கி மாவட்டத்து உழவர் குடும்பம் ஒன்று தன் தோட்டத்திலேயே தெரிந்தெடுத்துப் பெருக்கியது. அந்தக் குடும்பத்துக்கிருந்த அறிவு ஆராய்ச்சி இதழிலிருந்து வந்ததன்று, மண்ணிலிருந்து வந்தது. அத்தகைய அறிவுக்கு எந்த நூலகத்தில் எந்த அடுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்?

"எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டால் கவலை தீர்ந்தது" என்பாரும் உளர். தீராது. யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தார்கள். 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தச் சாம்பலின் பாடத்தை மறவாத ஈழத் தமிழர், 2005இல் 'நூலகம்' என்னும் பெயரிலேயே மின்னூலகம் தொடங்கி, கிடைத்த தாளையெல்லாம் படியெடுத்து வருகிறார்கள். தீக்கு மாற்று, படியெடுத்தல். உண்மை. ஆனால் 2023 அக்டோபரில் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைக் கயவர் முடக்கினார்கள். உலகின் பெரும் நூலகங்களுள் ஒன்று, தன் நூற்பட்டியலைக்கூட இணையத்தில் காட்ட முடியாமல் திங்கள் கணக்கில் திணறியது. தாளை எரிக்கத் தீ போதும். கணினியை முடக்கத் தீயும் வேண்டாம். தாளும் வேண்டும், படியும் வேண்டும். படியும் ஓரிடத்தில் மட்டும் இருத்தல் ஆகாது. பாதுகாப்பு என்பது பூட்டுவதன்று, பரப்புவது!

"ஆராய்ச்சி நூலகம் அறிஞருக்கு; பாமரருக்குத்தான் பொது நூலகம் இருக்கிறதே" என்று சிலர் பொறுமையாக விளக்குவார்கள். இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் தந்தது அது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி என மக்களே கொடுத்து நடத்துகிறார்கள். அங்கே நாளேடு கிடைக்கும், கதை கிடைக்கும், தேர்வுக்கான கையேடு கிடைக்கும். நன்று. தன் நுரையீரலைப் பற்றிய ஆராய்ச்சி கிடைக்குமா? தன் நிலத்தைப் பற்றிய அறிவிக்கை கிடைக்குமா? பொழுதுபோக்குப் பாமரருக்கு, உண்மை அறிஞருக்கு என்று பாகம் பிரிப்பது, வேதம் ஒருவனுக்கு வேலை ஒருவனுக்கு என்று பிரித்த பழைய கணக்கின் புதிய பதிப்பே!

இதற்கு விடை நம் நாட்டிலேயே பிறந்திருக்கிறது. சீர்காழியில் பிறந்த அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகரானார். ஓர் ஆராய்ச்சி நூலகத்தின் தலைவர் அவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் உலகெங்கும் பாடமாயின. நூல் பயன்படுவதற்கே என்பது முதல் விதியின் சாரம். நூலகம் வளரும் உயிர் என்பது இறுதி விதியின் சாரம். அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியிலே நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு ஓட்டினார்கள். அந்த முயற்சிக்குத் துணை நின்றவர் அந்தப் பல்கலைக் கழக நூலகர்! கணினி இல்லை, கைப்பேசி இல்லை. இரண்டு மாடும் ஒரு வண்டியும் இருந்தன. அவற்றோடு, போகவேண்டும் என்னும் மனம் இருந்தது.

நம் இயக்கத்துப் படிப்பகங்களையும் மறக்கவேண்டாம். முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடைத் திண்ணையிலும் ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். எழுத்தறியாதவரும் அரசியல் அறிந்தது அப்படித்தான். நூலகச் சேவையைக் காலத்துக்கேற்ப மாற்றுவது எப்படி என்று பெரிய மன்றங்களில் பேசுவோர், அந்தத் திண்ணையிலிருந்து தொடங்கலாம்.

ஆகவே, நாம் கேட்பவை பெரிய வரங்கள் அல்ல.

வரிப்பணத்தில் நடக்கும் ஒவ்வோர் ஆராய்ச்சி நூலகமும், கடிதம் கேட்காமல், உட்கார்ந்து படிக்க எவரையும் அனுமதிக்கட்டும். நூற்பட்டியல் தமிழ் எழுத்திலும் இருக்கட்டும். மக்களின் உடலையும் நிலத்தையும் தொழிலையும் பற்றிய ஒவ்வோர் ஆய்வேட்டுடனும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் இணையட்டும். படிக்க இயலாதவர் கைப்பேசியில் கேட்க, அது குரலாகவும் பதிவாகட்டும். தொழிலாளர் வீட்டுத் தாள்களையும் வாய்மொழியையும் சேர்க்க ஆள் அனுப்பட்டும். ஏலமலை பற்றிய ஆவணங்களின் படிகளைக் கேரளத்து நூலகங்களும் தமிழகத்து நூலகங்களும் பகிர்ந்துகொள்ளட்டும். காய்க்கு எல்லையில்லை, கூலியாளுக்கு எல்லையில்லை. தாளுக்கு மட்டும் ஏன்?

தோழர்களே! அரசைக் கேட்டுவிட்டு நாம் கை கட்டி நிற்பதா? உங்கள் வீட்டுப் பரணில் பாட்டன் வைத்த பெட்டி இருக்கும். செல்லரிக்குமுன் திறவுங்கள். மாநாட்டு மலரோ, கூலிச் சீட்டோ, சங்க ரசீதோ, எதுவாயினும் குப்பை என்று எறியாதீர்கள். படியெடுங்கள், ஊர், ஆண்டு, கொடுத்தவர் பெயர் எழுதிவையுங்கள். பாட்டிமார் பேசினால் பதிவுசெய்யுங்கள். கல்லூரியில் படிப்பவர்கள், விடுமுறையில் ஊர் வரும்போது, ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையையேனும் தமிழில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

2010ஆம் ஆண்டு இறுதியோடு நின்ற போடி இரயில், பாதையை அகலமாக்கியபின் 2023 சூனில் திரும்ப வந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள் மக்கள், வந்தது வண்டி. அறிவும் வரும். ஆனால் அடிவாரத்தோடு அது நின்றுவிடக் கூடாது. நாளை விடியுமுன் முந்தலைத் தாண்டி ஏறும் ஜீப்பில் ஒரு பெண், தான் நிற்கப்போகும் வரிசையில் நேற்றுத் தெளித்த மருந்தின் பெயரையும் அதன் கேட்டையும் அறிந்து, "இன்று அந்தப் பக்கம் இறங்கமாட்டோம்" என்று கங்காணியிடம் சொல்லட்டும். அன்று ஒப்புக்கொள்கிறோம், சங்கிலி அறுந்ததென்று!